ஈயம் போனது, கட்டம் இருக்கிறது

பழைய தமிழ் நாவல்கள் பலவற்றின் முதல் தாள்களில் ‘நூல் விவரம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். தாள் இத்தனை கிலோ, அளவு கிரவுன், பக்கங்கள் இவ்வளவு; நடுவே ‘எழுத்தின் அளவு 10 புள்ளி’ என்று ஒரு வரி. வாசகர்கள் அதைத் தாண்டிக் கதைக்குப் போய்விடுவார்கள். அச்சகத்துக்காரருக்கு அந்தப் புள்ளி, அதாவது பாயிண்ட், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்.

அச்சுக் கோக்கும் கம்பாசிட்டரின் இடது கையில், எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக் இருக்கும். கண் கையெழுத்துப் பிரதியில் நிற்க, வலது கை மட்டும் எழுத்துப் பெட்டியான கேஸின் குழிகளுக்குள் போய் வரும். அவர் எடுக்கும் ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஈயக் கட்டை; அதன் தலையில் எழுத்து இடம்வலமாகப் புடைத்திருக்கும். 12 பாயிண்ட் என்றால் அந்த எழுத்தின் அளவு என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது எழுத்தைச் சுமக்கும் கட்டையின் அளவு.

வரியின் அகலத்தை ‘எம்’ கணக்கில் சொல்வார்கள். 12 பாயிண்ட் ஒரு எம். அதற்குப் பைக்கா என்றும் பெயர். 24 எம் என்றால் ஏறக்குறைய 4 அங்குலம். வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயத் தகட்டைச் செருகுவார்கள். ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘பூ’வின் வால் கீழே இறங்கும் என்பதால் தமிழுக்கு இதில் கஞ்சத்தனம் ஆகாது. வரியில் இடம் மிஞ்சினால் வெற்றுக் கட்டைகளை வைத்து இறுக்க வேண்டும். கணக்குப் பிசகினால் பக்கத்தைத் தூக்கும்போது எழுத்து பொலபொலவென்று உதிரும். தப்பை ஈயமே காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் காலத்திலும் அளவு ஒரே சீராக இருந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு எழுத்து வார்ப்பாலைக்கும் தனிப் பைக்கா இருந்தது; ஒருவர் எழுத்து இன்னொருவர் எழுத்தோடு சேராது. 1886-இல்தான் அங்கே வார்ப்பாலைகள் கூடி ஒரே பாயிண்ட்டுக்கு ஒப்புக்கொண்டன. அது 0.3515 மில்லிமீட்டர். பிரான்ஸில் பிறந்த திதோ பாயிண்ட் 0.376 மில்லிமீட்டர். இரண்டுக்கும் பெயர் பாயிண்ட்தான்.

1984-இல் இன்னொன்று வந்தது. அடோபி நிறுவனத்தின் பக்க விவரிப்பு மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட், கணக்குக்கு வசதியாக ஓர் அங்குலத்தைச் சரியாக 72 பாயிண்ட்டாக வெட்டியது. பழைய அமெரிக்கக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72.27. இந்த 0.27 அற்பமாகத் தெரியலாம். ஆனால் 12 பாயிண்ட்டில் 36 வரி அடுக்கினால், புதுக் கணக்கில் பக்கம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். கணினிவழி அச்சுக்கோப்புக்கு ‘டெக்’ மென்பொருளை எழுதிய டொனால்ட் குனூத் பழைய பாயிண்ட்டையே வைத்துக்கொண்டார்; புதியதற்கு அவர் மென்பொருளில் ‘பெரிய பாயிண்ட்’ என்று தனிப்பெயர்.

திரை வந்தபின் குழப்பம் கூடியது. முதல் மெக்கின்டோஷ் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்ஸல். ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு பிக்ஸல் என்று நிம்மதியாக இருந்தது. விண்டோஸ் அங்குலத்துக்கு 96 என்று வைத்துக்கொண்டது. அதே 12 பாயிண்ட் அங்கே 12 பிக்ஸல், இங்கே 16 பிக்ஸல். இணையப் பக்கங்களின் வடிவமைப்பு விதிகளிலும் கடைசியில் 96-தான் நிலைத்தது. இன்று பாயிண்ட்டை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் பிக்ஸல். உலாவிகள் இயல்பாகக் காட்டும் 16 பிக்ஸல், காகிதக் கணக்கில் 12 பாயிண்ட்.

இந்த வாய்பாடு காகிதத்தில்தான் கச்சிதம். கைப்பேசியில் ஒரு ‘பிக்ஸல்’ அகலத்துக்குள் திரையின் இரண்டு மூன்று நிஜப் புள்ளிகள் அடங்கும். அங்கே அங்குலம் என்பதும் பேச்சுக்குத்தான். படங்களுக்கும் இதே குழப்பம்தான். ஒரு படம் திரை நிறையப் பளிச்சென்று தெரியும். அகலம் 600 பிக்ஸல். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும் என்பதால் காகிதத்தில் அது 2 அங்குலத்தோடு நின்றுவிடும். பெரிதாக்கினால் மங்கும். இங்கே எதுவும் உதிர்வதில்லை. தப்பு, அச்சாகி வரும்வரை வாய் திறக்காது.

இத்தனை மாற்றத்திலும் அச்சகத்து ‘எம்’ மட்டும் பழைய வேலைக்கே திரும்பியிருக்கிறது. அன்று வரியகலத்துக்கான 12 பாயிண்ட் எம் போக, எந்த அளவு எழுத்தாக இருந்தாலும் அதன் கட்டை அளவுக்குச் சதுரமான வெற்றிடத்துக்கும் எம் என்றே பெயர். இன்று இணையப் பக்கத்திலும் எம் என்பது அந்தந்த எழுத்தளவுதான். எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளியும் கூடவே வளரும்.

கட்டையும் போய்விடவில்லை. ஒவ்வொரு எழுத்துருவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்று இருக்கிறது. நாம் தட்டும் 12 அந்தக் கட்டத்துக்குத்தான். அதற்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைத்தவர் விருப்பம். விண்டோஸின் லதா, விஜயா எழுத்துருக்களில் ‘அம்மா’ என்று 12 பாயிண்ட்டில் அடித்துப் பாருங்கள். லதாவின் அம்மா வாட்டசாட்டம். விஜயாவின் அம்மா ஒடிசல்.

அச்சகத்தில் இருந்த கேஸ்கள் சில. 10 பாயிண்ட் என்றதும் எந்த எழுத்து என்று கம்பாசிட்டருக்குத் தெரியும். இன்று ஒரே கணினியில் நூறு எழுத்துரு. நூல் விவரத்தில் அந்த வரியை இன்னும் போடுகிறவர்கள், புள்ளிக்குப் பக்கத்தில் எழுத்துருவின் பெயரையும் போட்டால்தான் அந்த 10-க்கு அர்த்தம்.