நின்ற காற்றாலையின் அடியில்

ஆரல்வாய்மொழிக் கணவாயை ரயிலில் கடந்தவர்களுக்குக் காற்றாலை புதிதன்று. ஊருக்குச் செல்லும்போது குழந்தைகள் சன்னலோரம் அமர்ந்து அவற்றை எண்ணுவதும், எண்ணிக்கை தவறிச் சண்டையிடுவதும் நம் குடும்பங்களில் வழக்கம். அவற்றின் அடியில் நிற்பதற்கு நாம் அஞ்சுவதில்லை. உறைபனி விழும் தேசத்தில் அவ்வாறு நிற்கலாகாது என்பதை அண்மையில் ஒரு புகைப்படத்தினால் அறிந்தோம்.

நம் சங்க அன்பர் ஒருவரின் மகன் ஆஸ்திரியாவில் மேற்படிப்புப் படிக்கிறான். சென்ற தை மாதத்தில் காற்றாலைக் கோபுரத்தில் சாய்ந்து நின்று அவன் எடுத்துக்கொண்ட படத்தை அவன் அன்னையார் பெருமையுடன் நமக்குக் காட்டினார். சக்கரம் சுழலவில்லை, இறக்கைகள் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்திருந்தன. ரயில்வேக்காரன் கண் எங்கும் விளக்கைத்தான் தேடும். படத்தின் ஓரத்தில் ஓர் அறிவிப்புப் பலகையும், அதன்மேல் எரியும் விளக்கும் இருந்தன. பனிக்கட்டி விழக்கூடும், அணுகாதீர் என்பது அதன் பொருளாம்.

மூடுபனியிலுள்ள நீர்த்திவலைகள் பூஜ்ய டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பின்னரும் சில வேளைகளில் உறையாமல் மிதக்கின்றன. இறக்கையில் மோதியதும் அவை உறைந்து, முன்விளிம்பில் அடுக்கடுக்காகப் படிகின்றன. மழைநீர் விழுந்தவுடன் உறைவதும் உண்டு. கட்டி படிந்ததைக் கருவி உணர்ந்தால் சக்கரம் தானே நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும். ஆகவே நம் பையன் கண்ட அமைதி, ஆபத்து கண்டு நிறுத்தப்பட்டதன் அமைதியே. வெயில் ஏறி மேலே பிடிப்பு இளகினால் கட்டி பெயர்ந்து விழும். தரையில் நிற்பவனுக்கோ அது நல்ல வெயில் நேரம், படம் எடுக்க உகந்த நேரம்!

சுழலும்போது கட்டி பெயர்ந்தால் இன்னும் தொலைவு செல்லும். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊருக்கு மேலே கியூட்ஷ் என்னும் மலையில், 50 மீட்டர் உயரக் கோபுரமுடைய ஒரு காற்றாலையைச் சுற்றி 2005 முதல் சில குளிர்காலங்களில் விழுந்த கட்டிகளைத் தேடி அளந்தனர். 92 மீட்டர் தொலைவிலும் ஒன்று கிடந்தது. கிடைத்தவற்றுள் கனமானது 1.8 கிலோ. பலவும் கோபுரத்தின் அருகிலேயே கிடந்தன என்பதைப் பெற்றோர் கவனிக்கவேண்டும்.

எவ்வளவு தூரம் விலகுவது? வல்லுநர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கின்றனர். கோபுர உயரத்தையும் சக்கர விட்டத்தையும் கூட்டி, ஒன்றரையால் பெருக்கவேண்டும். இரண்டும் நூறு நூறு மீட்டரானால் 300 மீட்டர். நம் ரயில் பெட்டி பன்னிரண்டை வரிசையாக நிறுத்தினாலும் அவ்வளவு நீளம் வராது.

இறக்கை வெளுத்திருந்தாலும், விளக்கு எரிந்தாலும், அந்த வழியை விட்டு வேறு வழி செல்வதே முறை. வண்டியையும் அங்கே நிறுத்தலாகாது. நின்ற சக்கரத்திலிருந்து விழுவதைக் காற்று தான் வீசும் திசையிலேயே தள்ளிச் செல்லும். எதிர்பாராமல் அருகில் அகப்பட்டுக்கொண்டவர், காற்று வரும் பக்கமாக விலகி அகலவேண்டும். நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பது கூடாது.

இவற்றை எழுதிப் பையனுக்கு அனுப்பினோம். பலகையைத் தான் படித்ததாகவும், சக்கரம் நின்றிருந்ததால் பொருட்படுத்தவில்லை என்றும் பதில் வந்தது. அன்னையார் அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து இன்னும் கழற்றவில்லை. பார்க்க வருவோருக்கு இப்போது முதலில் விளக்கைத்தான் காட்டுகிறார்.