உங்களுக்குத் தெரியுமா? செருப்புக்கடைக்காரர் விட்ட ராக்கெட்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் அவருக்குத் தீராத மோகம். சகோதரர் ராபர்ட்டுக்கோ மாதிரி விமானங்களில். 1954இல் இருவரும் சேர்ந்து செய்ததுதான் இன்றைய மாதிரி ராக்கெட்டுக்கு முன்னோடி.

அட்டைக் குழாய் உடல், பால்சா மர இறக்கை. கருமருந்தை நாமே இடிக்க வேண்டியதில்லை. அடைத்து வரும் மோட்டாரைச் செருகினால் போதும். எத்தனை சிறுவர்களின் விரல்களைக் காப்பாற்றிய யோசனை!

மோட்டாருக்குள் மூன்று அடுக்கு. முதலாவது ராக்கெட்டை மேலே தள்ளும். இரண்டாவது சில விநாடிகள் புகைந்துகொண்டே இருக்கும். அதற்குள் ராக்கெட் உச்சியைத் தொட்டுவிடும். மூன்றாவது பட்டென்று வெடித்து, மூக்கைக் கழற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளும். அந்தச் சூட்டில் பாராசூட் உருகாமலிருக்க, இடையில் எளிதில் தீப்பற்றாத காகிதத்தைச் சுருட்டி வைப்பார்கள். மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கொஞ்சம் டால்கம் பவுடர்!

இறங்கும்போது இறக்கை முறிந்தால் கவலை வேண்டாம். மரவேலைப் பசை தடவி, ஓர் இரவு காயவிடுங்கள். சரியாகப் பிடித்த ஒட்டு பால்சாவைவிட உறுதியானது. அடுத்த முறை முறிந்தாலும் பெரும்பாலும் பக்கத்து மரம்தான் முறியும்.