இரு திங்கட் பயிர்

மரக்கறிகளுக்குள்ளே உயர்வு தாழ்வு பாராட்டும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. கத்தரிக்கும் முருங்கைக்கும் கிடைக்கும் வரவேற்பு நோக்கோலுக்குக் கிடைப்பதில்லை. சந்தையில் வேறொன்றும் அகப்படாத நாளிலேதான் பலர் அதனைக் கூடையில் இடுகின்றனர். "நாரும் நீருமன்றி அதில் என்ன இருக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி. ஊவா மலைச்சாரலிலே பல்லாண்டுகளாக ஆசிரியத் தொழில் புரிந்துவரும் நான், அக்கேள்விக்குரிய விடையை ஒரு லயத்தின் பின்புறத்திலே கண்டேன்.

முதலில் அதன் பெயரைப் பார்ப்போம். தமிழகத்தார் இதனை நூல்கோல் என்றும் நூக்கல் என்றும் வழங்குவர். ஆனால், இதில் நூலும் இல்லை, கோலும் இல்லை. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம், இது ஒல்லாந்தச் சொல்லாகத் தோன்றுகிறதென்று குறிக்கின்றது. அம்மொழியில் 'க்னோல்' என்பது கிழங்குபோல் திரண்டதையும், 'கோல்' என்பது கோவாவையும் சுட்டும். நமது போஞ்சியும் ஒல்லாந்தர் தந்த பெயரே. கோவாவோ போர்த்துக்கேயர் வழிவந்தது என்பர். ஆண்டவர்கள் கோட்டைகளை விட்டகன்றனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களோ இன்றும் நம் அடுப்பங்கரையிலே குடியிருக்கின்றன.

நோக்கோலைக் கிழங்கு என்று மாணவர் எழுதுவதுண்டு. அது கிழங்கன்று, தண்டு. மண்ணுக்கு மேலே தண்டு பருத்து உருண்டையாகின்றது. இலைகள் அவ்வுருண்டையின் மேலிருந்தே கிளைக்கின்றன. இலைக்காம்பு உதிர்ந்த வடுக்களைக் காயின் மேல் எவரும் காணலாம். கோவா, பூக்கோவா, நோக்கோல் ஆகிய மூன்றும் தாவரவியலின்படி ஓரினமே. ஒன்றில் இலையும், ஒன்றில் பூவும், ஒன்றில் தண்டும் மனிதன் விருப்பத்திற்கிணங்கப் பெருத்தன.

நான் கூறிய லயத்திலே என் மாணவி ஒருத்தியின் தாய் வாழ்கிறார், கொழுந்து பறிப்பவர். காம்பராவின் பின்னால், வடிகானுக்கும் தேயிலை நிரைக்கும் இடையே, நான்கு சிறு பாத்திகள் அவருடையவை. நாற்று மூன்று நான்கு வாரம் வளர்ந்ததும் பிடுங்கி, ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில் நடுகிறார். மாட்டெரு இடுகிறார்; அசுகணி கண்டால் அடுப்புச் சாம்பலைத் தூவுகிறார். திரளும் தண்டு புதையும்படி மண்ணை அணைப்பதில்லை. ஒருநாள் வெள்ளமும் மறுவாரம் வரட்சியுமாக நீர் விட்டால் காய் வெடிக்கும், நாரேறும் என்பதை அவர் நன்கறிவார். நட்ட ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள், காய் ஓர் எலுமிச்சைக்குச் சற்றுப் பெரிதானதுமே பறித்துவிடுகிறார்.

"விக்கிறவங்க நிறையைப் பாப்பாங்க, சேர். திங்கிறவங்க பிஞ்சைப் பாக்கணும்" என்றார் அவர்.

சந்தைக் காயின்மேல் நாம் சாட்டும் குற்றமெல்லாம் இவ்வொரு வாக்கியத்தில் தெளிவாகிவிடுகின்றது. நிறைக்கு விற்கும் பொருளை முற்றவிடுவதே வணிகத்துக்கு ஊதியம். வீட்டுத் தோட்டத்துப் பிஞ்சையோ தோல் சீவி, உப்பும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துப் பச்சையாகவே உண்ணலாம். வெந்தயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை இட்டுத் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறியாக்கினால் சோற்றுக்கு அதனினும் மென்மையான துணை அரிது. சந்தைக்கு வருமுன் வாடி வீசப்படும் இலையை அவ்வீட்டார் சுண்டலாக்குகின்றனர். காசுமீரத்திலும் இலையையும் தண்டையும் சேர்த்தே சமைப்பர். 100 கிராம் பச்சைக் காயில் ஏறக்குறைய 62 மில்லிகிராம் உயிர்ச்சத்து 'சி' உண்டு. நாரும் நீருமன்றி வேறொன்றுமில்லை என்பது அறியாதார் கூற்று.

ஆயினும், அப்பாத்திகளிலே என் மனத்தை உறுத்திய பொருள் வேறொன்று. பலாவோ மாவோ அங்கே ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரண்டு மூன்று மாதங்களில் பலன் தருபவை. காரணம் கேட்க வேண்டியதில்லை. நிலம் அவருடையதன்று. மலையகத்திலே 'தோட்டம்' என்றால் பிறர் உடைமையான பெருந்தோட்டம் என்றே பொருள். பலாவை நடுபவனுக்குத் தன் பேரன் அம்மண்ணில் இருப்பான் என்ற உறுதி வேண்டும். நோக்கோல் நடுபவர்க்கு இரண்டு திங்கள் போதும்.

இந்த உறுதியின்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தம் செய்து அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர். எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003இலேதான் வந்தது. வாக்குரிமை மீண்டது, காலடி மண் மீளவில்லை. அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்கள் உண்டு. எனினும், லயங்களிலேயே வாழ்வோர் இன்னும் பலர்.

2022ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது, வீட்டுத்தோட்டம் செய்யும் பொருட்டு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அரசு முன்வந்தது. நல்ல எண்ணமே. ஆனால், தலைமுறை தலைமுறையாக வடிகான் ஓரத்திலே பயிர்செய்து வந்தவர்க்கு எவரும் விடுமுறை அளித்ததில்லை. கொழுந்து நிறுத்துத் திரும்பிய பின், மாலை மங்கலிலேதான் அவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள்.

வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேசுவோர் விதையைப் பற்றியும் எருவைப் பற்றியும் பேசுகின்றனர். உறுதிப்பத்திரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். மண் எவருடையது என்ற வினாவுக்கு விடை கிடைக்காதவரை, தோட்டக்கலை அறிவு பாதி அறிவே. நோக்கோல் நல்ல பயிர்தான். அதனை அம்மக்கள் விரும்பி நடும் காலம் வரவேண்டும். வேறெதனையும் நட இயலாமையால் நடும் காலம் ஒழியவேண்டும்.