மியாட்டாவின் குரல்

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் ஒரு சிறிய காரை அறிமுகப்படுத்தியது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. எம்.எக்ஸ்-5 என்று பெயர். அமெரிக்காவில் மியாட்டா என்றார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. ஸ்போர்ட்ஸ் கார் உலகின் கணக்கில் இது அசுர வேகக்காரன் இல்லை. ஓட்டுபவரின் கைக்கும் காதுக்கும் என்ன எட்ட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. சைலன்சரிலிருந்து எழும் சத்தம்கூடப் பொறியாளர்கள் யோசித்து அமைத்ததுதான். அப்படியிருந்தும், அமெரிக்காவில் பழைய மியாட்டா ஒன்றை வாங்கியவருக்கு வரும் முதல் ஆசைகளில் ஒன்று, அந்தச் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவது.

வீட்டுக் கராஜிலேயே செய்துவிடக்கூடிய வேலை இது. ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், ஒரு ஸ்பேனர் செட், ஒரு பகல் பொழுது போதும். குழாய் பெரிதானால் சக்தி கூடும் என்ற நம்பிக்கையில் பலர் இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிப்பதில்லை. ஏன் பலிப்பதில்லை என்று தேடிப் போனால், வண்டிக்கு அடியில் தொங்கும் அந்தத் துருப்பிடித்த குழாய்க்குள் எவ்வளவு இயற்பியல் ஓடுகிறது என்பது தெரியவரும்.

எஞ்சினிலிருந்து புகை சீரான ஓட்டமாக வெளியேறுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு. அது ஒரே அடியாகக் குழாயில் பாயும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று முடிப்பதற்குள் இப்படி நான்கு அடிகள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100. ஒவ்வோர் அடியிலும் இரண்டு பயணங்கள் தொடங்குகின்றன. வாயு தன் போக்கில் நொடிக்கு நூறு மீட்டருக்குள் நகர்கிறது. அழுத்த அலையோ ஒலியின் வேகத்தில் அதை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஒலியின் வேகம் சூட்டோடு கூடும். அறைக் காற்றில் நொடிக்கு 343 மீட்டர்; 400 டிகிரி செல்சியஸ் வாயுவில் ஏறக்குறைய 520 மீட்டர்.

இந்த அலை குழாய் சட்டென்று அகலும் இடத்தை அடைந்ததும் அதன் ஒரு பகுதி திரும்பிவருகிறது. போகும்போது அழுத்தமாகப் போனது, வரும்போது உறிஞ்சலாக வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியாமலும் இன்டேக் வால்வு சற்றே திறந்தும் இருக்கும் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. உறிஞ்சல் அந்த நேரம் பார்த்து வால்வை எட்டினால், சிலிண்டரில் தங்கிய மிச்சப் புகையை இழுத்து வெளியேற்றி, புதுக் காற்றையும் உள்ளே கூட்டிவரும். 6,000 சுற்றில் கிராங்க் ஒருமுறை சுற்ற நூறில் ஒரு நொடிதான் ஆகிறது. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். ஆகவே எஞ்சினை ஒட்டிய குழாய்களின் நீளத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் பார்க்கிறார்கள்.

எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம், அதாவது புகை வெளியேறுவதற்குக் குழாய் தரும் தடை, தேவை என்று ஒரு பேச்சு மெக்கானிக் ஷெட்டுகளில் உலகெங்கும் இருக்கிறது. அது சரியல்ல. எதிரழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நல்லது செய்வதில்லை. வெளியேற்றும் வேலைக்கே சக்தியைத் தின்கிறது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் உண்மையான அனுபவம் இருக்கிறது. மிகப் பெரிய குழாயை மாட்டியவர்கள், குறைந்த சுற்றில் வண்டி இழுக்கவில்லை என்பதைக் கண்டார்கள். அகன்ற குழாயில் வாயுவின் வேகம் குறைந்து, திரும்பும் அலையின் நேரமும் வலுவும் கெட்டுப்போனதுதான் காரணம். பழி எதிரழுத்தத்தின் மேல் விழுந்தது.

குழாயின் விட்டத்துக்கும் தடைக்கும் உள்ள உறவு வியப்பானது. ஒரே அளவு வாயு ஓடும்போது, உராய்வால் வரும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 5 சென்டிமீட்டர் குழாயை 6 ஆக்கினால் இழப்பு பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 40 சதவீதமாகிவிடும். படிக்கும்போது பெரிய லாபமாகத் தோன்றும். ஆனால் சுமார் 115 குதிரைத்திறன் உள்ள எஞ்சினுக்கு அந்தப் பின்குழாயில் ஏற்பட்ட இழப்பே சிறியது. சிறியதைப் பாதியாக்கினால் கையில் மிஞ்சுவது அதைவிடச் சிறியது. ஓட்டுபவர் வண்டி வேகமாகிவிட்டது என்று உணர்வது பெரும்பாலும் காது சொல்லும் சேதி.

சக்தி கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் மாட்டுவது பெரும்பாலும் 'கேட்-பேக்' எனப்படும் பகுதி: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் தொடங்கிப் பின் பம்பரில் முடியும் குழாயும் சைலன்சரும். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற நுண்துளைப் பாதைகள் இருக்கின்றன. அழுத்த அலைகள் அதற்குள் நுழைந்து வெளிவரும்போது பெருமளவு தளர்ந்துவிடும். வால்வுக்கு உதவும் அலை விளையாட்டு அதற்கு முன்பே முடிந்துபோகிறது.

அந்தத் தேன்கூட்டைத் தொடக் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூச்சுத் திணறவைத்த புகைமூட்டத்தைப் பார்த்து, பிரான்சில் பிறந்த வேதிப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி 1950-களில் உழைத்து உருவாக்கிய யோசனை அது. பெட்ரோலில் கலந்த ஈயம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்ததால் அப்போது பயன்படுத்த முடியவில்லை. 1970-இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு, 1975 மாடல் கார்களோடு அமெரிக்காவில் பரவலாக வந்தது. இன்றைய கன்வெர்ட்டரில் மெல்லிய பூச்சாக இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகின்றன. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதத்தை ஒட்டி எஞ்சின் ஓடினால்தான் மூன்றும் நடக்கும். அந்த விகிதத்தைக் காப்பது குழாயில் செருகிய ஆக்சிஜன் சென்சார். சத்தத்துக்காகக் கன்வெர்ட்டரை வெட்டி எறிவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது தெருவில் நடக்கும் குழந்தையின் மூச்சில் கைவைக்கும் செயல்தான்.

இனி வண்டிக்கு அடியில் போகலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் காரின் சட்டத்தில் அதற்கென்று குறித்த இடத்தில். ஜாக்கியின் எண்ணெய் சீல் ஒன்று கசிந்தால் ஒரு டன் இரும்பு இறங்கிவிடும். ஸ்டாண்ட் வைத்த பிறகு வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

அடுத்தது போல்ட். வேலையின் பாதி நேரம் இதிலேயே போய்விடும். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு சில மடங்கு பெருகும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் மயிரிழை அளவே உள்ள மரை இடைவெளியில் அந்தத் துரு புடைத்து ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடுகிறது. தினமும் சூடேறி ஆறும் இடம் என்பதால் துரு வேகமாகவும் பிடிக்கும். முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெயை அடித்து ஊறவிடுவது நல்லது. நுண்ணிய இடுக்குகளில் எண்ணெய் தானாகவே ஏறிப் பரவும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் நட்டைச் சூடாக்குவார்கள். நட் போல்ட்டைவிடச் சற்று முந்தி விரிவதால் துருப்பிடி உடையும். எண்ணெய் அடித்த இடத்தில் தீயைக் கொண்டுபோவது ஆபத்து. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அருகிலேயே ஓடுகின்றன. வீட்டில் செய்பவர் பொறுமையை நம்புவதே மேல். இறுக்கும் திசையில் சிறிது திருப்பி, பிறகு கழற்றும் திசையில் சிறிது திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி. அவசரப்பட்டு நீளக் கம்பியைப் போட்டு நெம்பினால் போல்ட் முறிந்துவிடும். அதன் பிறகு அது வெல்டிங் கடைக்காரரின் வேலை.

புதுக் குழாய் பெரும்பாலும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைந்தவை 409 வகை. குரோமியம் 11 சதவீதம் அளவில்தான். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும், 409-இல் பிடித்துக்கொள்ளும், 304-இல் பிடிக்காது. 304 துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் சூட்டில் அதிகமாக நீளும். இரண்டு மீட்டர் 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். குழாயை ஏன் ரப்பர் வளையங்களில் தொங்கவிடுகிறார்கள் என்பதற்கு எஞ்சின் அதிர்வோடு இதுவும் விடை. அந்த ஒரு சென்டிமீட்டருக்கு இடம் விடாமல் பம்பரை ஒட்டி மாட்டினால், குளிரில் சரியாக நிற்கும் குழாய் ஓடத் தொடங்கியதும் இடித்துத் தட்டும், பிளாஸ்டிக்கை உருக்கும். ஆகவே எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாக மாட்டி, சுற்றிலும் இடைவெளி பார்த்து நேராக்கி, பிறகு முன்னாலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது. ஒருமுறை நசுங்கியது இன்னொரு முகத்துக்குப் பொருந்தாது. மரையில் சூடு தாங்கும் பசையைத் தடவிவிட்டால் அடுத்தமுறை போல்ட்டோடு சண்டை இல்லை.

முதல்முறை ஸ்டார்ட் செய்வது வெட்டவெளியில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். கதவு மூடிய கராஜில் சத்தம் கேட்டு ரசிக்க நின்றவர்கள் மயங்கி விழ அதிக நேரம் ஆகாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

சரி, சத்தம் எப்படி மாறுகிறது? தொழிற்சாலைச் சைலன்சருக்குள் தடுப்புச் சுவர்களும் அறைகளும் இருக்கின்றன. அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆர்வலர்கள் மாட்டும் சைலன்சர் பெரும்பாலும் வேறு வகை: நேராக ஓடும் துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பொதி. இழைப் பொதி உயர் சுருதிகளை நன்றாக விழுங்கும். தாழ்ந்தவற்றை அவ்வளவாகத் தொடாது. கரகரப்பு போய் அடிவயிற்றுக் குரல் மிஞ்சுவது இதனால்தான்.

இதன் விலை நெடுஞ்சாலையில் தெரியும். முதல் தலைமுறை மியாட்டா ஐந்தாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது எஞ்சின் 3,300 சுற்றை ஒட்டி ஓடுகிறது. நொடிக்கு 110 அடிகள், அதாவது 110 ஹெர்ட்ஸ். காற்றில் இந்த ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல், அதில் பாதி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். கூரையை மூடிய இரண்டு இருக்கை காரின் உள்வெளியும் அந்த அளவை ஒட்டியதுதான். அறையின் நீளமும் அரை அலைநீளமும் ஒத்துப்போனால் ஒலி உள்ளேயே எழுந்து நிற்கும். ஓட்டுபவருக்கு அது தலைக்குள் ஓயாத ரீங்காரமாகக் கேட்கும். பத்து நிமிடத்தில் ரசித்த குரல் இரண்டு மணி நேரத்தில் தலைவலியாகும். வேகத்தைச் சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ சட்டென்று அடங்கும். ஒத்ததிர்வின் அடையாளம் அது.

இதைத் தீர்க்கும் வழியும் ஒலியியலில்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், குறுகிய வாயுள்ள ஒரு கூடு குறிப்பிட்ட ஒரு சுருதிக்கு மட்டும் பதில் சொல்லும் என்று காட்டினார். கச்சேரியில் கட வித்வான் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் தாழ்ந்த நாதத்தை வளைப்பது இதே விதியின்படிதான். குழாயின் பக்கவாட்டில் அப்படி ஒரு கூட்டையோ, முனை அடைத்த ஒரு கிளைக் குழாயையோ வைத்தால், அது தன் சுருதியை மட்டும் பிடித்து எதிரலையாகத் திருப்பி அனுப்பும். கிளைக் குழாயின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு இருக்க வேண்டும். உள்ளே வாயு 200 டிகிரி சூட்டில் இருப்பதாகக் கொண்டால், 110 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ரீங்காரம் மட்டும் போகும், மற்ற சுற்றுகளில் குரல் அப்படியே இருக்கும். பெரிய விட்டத்துக்குச் செலவழிப்பதைவிட இந்த ஒரு மீட்டருக்குச் செலவழிப்பது அறிவுள்ள செலவு என்பேன்.

வெளியே இருப்பவர்களின் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவில் சாதாரணக் கார்களுக்கு எக்ஸாஸ்ட் ஒலியின் உச்சவரம்பு 95 டெசிபல். குழாய் முனையிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து அளக்கிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அப்படிப் பார்த்தால் 16 மீட்டர் தள்ளி 65 டெசிபல். அருகில் நின்று பேசும் குரலைவிட உரக்க. அதாவது சட்டத்துக்கு உட்பட்ட வண்டியும் எதிர்வீட்டு ஜன்னலுக்குள் நுழையும். தாழ்ந்த ஒலி சுவரையும் எளிதில் ஊடுருவும். போதாக்குறைக்கு, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கன்வெர்ட்டரை விரைவாகச் சூடேற்றப் பல கார்களில் கணினியே சுற்றைக் கூட்டி வைக்கும். தெரு முழுக்க உறங்கும் விடிகாலையில்தான் வண்டி நின்ற இடத்தில் ஓங்கிக் கத்துகிறது.

பழைய சைலன்சரை எடைக்குப் போடாமல், உள்ளே தேங்கிய நீரை வடித்துக் காயவிட்டு, கராஜ் மூலையில் வைத்திருப்பது நல்லது. வண்டியை விற்கும்போது தேவைப்படும். எதிர்வீட்டில் கைக்குழந்தை வந்திருந்தால் அதற்கு முன்பே தேவைப்படலாம். பசை தடவிய போல்ட்டுகள் இந்தமுறை லேசாகக் கழன்றுவிடும். ஒரு மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம்.