மழை மாலையில் ரசம் ஏன் மனதை ஆற்றுகிறது?

ஈப்போவிலும் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களிலும் அக்டோபர், நவம்பர் மாலைகளில் மழை பிடித்துக்கொள்ளும். அப்போது அடுப்பில் ரசம் நுரைகட்டினால் மனசு தானாக அடங்குகிறதே, எப்படி?

முதல் மரியாதை மூக்குக்குத்தான். பார்வையும் ஒலியும் தலாமஸ் வழியாகவே மூளைப் புறணிக்குப் போகும். வாசனையோ அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேரே போய்விடும். லயத்து வீட்டில் அம்மா தாளித்த வாசம், இன்னதென்று பெயர் சொல்லுமுன்னே நெஞ்சைத் தொடுவது அதனால்தான்.

தாளிப்பதற்கும் காரணம் உண்டு. சீரகம், பெருங்காயத்தின் மணப்பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கும். அந்தப் படபடப்பு, எண்ணெய் காய்ந்ததற்கு அடையாளம்.

மிளகிலுள்ள பைப்பரின், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுவதால், ரசம் ஆறிப்போனாலும் தொண்டை கதகதக்கும்.