ஐந்து மடங்கு விலை, இரண்டு மடங்கு வேகம்

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 2023இல் 299 டாலருக்குக் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆர்டிஎக்ஸ் 4090இன் விலை 1,599 டாலர். இரண்டும் ஒரே தலைமுறை. சிறியதில் கணக்குப் போடும் சிறு அலகுகளான கோர்கள் 3,072, பெரியதில் 16,384. வகுத்துப் பாருங்கள்: விலையும் 5.3 மடங்கு, கோர்களும் 5.3 மடங்கு. காசுக்கு ஏற்ற எடை என்றுதான் தோன்றும். ஆனால் 1080பி திரையில் கேம் ஓட்டினால், பெரிய கார்டு தருவது பெரும்பாலும் இரண்டு மடங்கை ஒட்டிய வேகம்தான். 4கே திரையில் அது மூன்று மடங்கைத் தாண்டும். ஐந்தைத் தொடுவது அரிது.

மீதிக் கோர்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. 1080பி திரையில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. சுவர், மரம், முகம் எல்லாமே உள்ளுக்குள் குட்டிக் குட்டி முக்கோணங்கள். எந்த முக்கோணம் எந்தப் பிக்சலில் விழுகிறது, அங்கே என்ன வெளிச்சம், என்ன நிறம் என்று அந்த 16.7 மில்லிவிநாடிக்குள் கணக்கிட்டு முடிக்க வேண்டும். ஒரு பிக்சலின் நிறத்தை முடிவு செய்யப் பக்கத்துப் பிக்சல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் உள்ள வசதி. அதனால்தான் வேலையை ஆயிரக்கணக்கான கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. இரண்டு கார்டுகளிலும் கோர் ஒரே வார்ப்புதான். இரண்டும் விநாடிக்குச் சுமார் 250 கோடி முறை துடிக்கின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஒளியே 12 சென்டிமீட்டர்தான் போகும். விலை குறைந்த கார்டில் இருப்பது மட்டமான கோர் அல்ல, எண்ணிக்கைதான் குறைவு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் உட்காரும் பந்திக்கு மூன்று பேர் பரிமாறினால் கொஞ்சம் தாமதமாகும். பதினாறு பேர் இறங்கினால் நொடியில் முடிந்துவிடும். ஆனால் சாப்பிட்டவர்கள் எழுந்து, எச்சில் இலை எடுத்து, அடுத்த இலை போடும்வரை அந்தப் பதினாறு பேரும் வாளியோடு நிற்கத்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் இலை போடும் ஆள் சிபியு. எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே விழும், எதை எதை வரைய வேண்டும் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதுதான் பட்டியல் தருகிறது. திரை சின்னதானாலும் பெரியதானாலும் பட்டியல் ஏறக்குறைய அதேதான். 4கே திரையில் பிக்சல்கள் சரியாக நான்கு மடங்கு. அதாவது இலைகள் நான்கு மடங்கு. அப்போதுதான் பதினாறு பேருக்கும் கை நிறைய வேலை வருகிறது.

கோர்களின் உள்ளேயும் காத்திருப்பு உண்டு. கோர்கள் தனித்தனியாக இயங்குவதில்லை. 32 பிக்சல்களின் கணக்கு ஒரே கட்டளைக்கு ஒன்றாக அடி எடுத்து வைக்கிறது. அவற்றில் பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் விழுந்து கணக்கு இரண்டாகப் பிரிந்தால், ஒரு பாதி முடியும்வரை மறு பாதி சும்மா இருக்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. கார்டு பிக்சல்களை நான்கு நான்காக, இரண்டுக்கு இரண்டு கட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. தூரத்து மரத்தின் ஓர் இலை ஒரே ஒரு பிக்சலை மட்டும் மறைத்தாலும் நான்கு பிக்சலுக்கான கணக்கு நடக்கும், மூன்று வீண். அந்த மரம் முழுக்க இப்படித்தான்.

இவை எல்லாவற்றையும்விட, எண்களைப் பார்த்தபோது என்னை நிறுத்தியது மெமரி. 4060இன் மெமரியிலிருந்து விநாடிக்கு 272 ஜிபி தகவல் கோர்கள் இருக்கும் சில்லுக்குப் போகிறது. 4090இல் 1,008 ஜிபி. இது 3.7 மடங்குதான். கோர்களை 5.3 மடங்காக்கிவிட்டு, அவற்றுக்குத் தீனி போடும் வழியை 3.7 மடங்கு மட்டும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். 4கே திரையில் வேகம் மூன்று சொச்சத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு ஏன் இந்த விலை? சிலிக்கானைப் பார்க்க வேண்டும். தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடுகளில் இந்தச் சில்லுகளை அச்சிட்டார்கள். 4090இன் சில்லு 609 சதுர மில்லிமீட்டர். அதில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள். 4060இன் சில்லு 159 சதுர மில்லிமீட்டர், 1,890 கோடி. விளிம்பில் வீணாவதைக் கழித்துக் கணக்குப் போட்டால் ஒரு தகட்டில் பெரிய சில்லு ஏறத்தாழ 90, சின்னது ஏறத்தாழ 390. தகட்டில் 40 இடங்களில் பழுது விழுந்ததாக வைத்துக்கொள்வோம். சின்னதில் பத்தில் ஒன்று போகும். பெரியதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அடிபடும். அத்தனையையும் குப்பையில் போட்டால் கட்டுப்படியாகாது. எனவே பழுதான பகுதியை மட்டும் முடக்கிவிட்டு மீதியை விற்கிறார்கள். 4090இன் சில்லில் வடிவமைத்தவை 18,432 கோர்கள். விற்பனைக்கு வந்தது 16,384. 4060இன் சில்லிலோ வடிவமைத்த 3,072 கோர்களும் வேலை செய்கின்றன. 1,599 டாலர் கார்டு தன் கோர்களில் ஒன்பதில் ஒரு பங்கை அணைத்துவைத்துக்கொண்டு வந்தது. 299 டாலர் கார்டு முழுதாக வந்தது. இதை முதலில் அறிந்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

அதற்காக விலை குறைந்த கார்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உண்மையான பலவீனம் மெமரியின் அளவு. 4060இல் 8 ஜிபி, 4090இல் 24 ஜிபி. பரப்புகளுக்குப் போர்த்தும் படங்கள் அந்த 8 ஜிபிக்குள் அடங்கும்வரை எல்லாம் சுகம். நிரம்பி வழிந்தால் மிச்சத்தை மதர்போர்டு வழியாக ரேமிலிருந்து கொண்டுவர வேண்டும். அந்த வழியில் விநாடிக்கு 16 ஜிபிதான் வரும். 272 எங்கே, 16 எங்கே! விநாடிக்கு 70 ஃபிரேம் என்று எண் காட்டிக்கொண்டே இருக்கும். திரும்பும்போதெல்லாம் படம் திக்கும். சராசரி வேகத்தை மட்டும் போடும் ஒப்பீட்டு அட்டவணைகளில் இந்தத் திக்கல் தெரியாது. அட்டவணையைப் பார்ப்பவர்கள் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்ற வரியையும் தேடிப் படிக்க வேண்டும்.

மின்சாரத்திலும் வித்தியாசம் பெரிது. சின்னது 115 வாட், பெரியது 450 வாட்.

புதுக் கார்டு வாங்கக் கிளம்புமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் ஆடும் கேமில் ரெசல்யூஷனை ஒரு படி குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் உங்கள் கார்டு திணறுகிறது. பெரிய கார்டு உதவும். எண்ணிக்கை அசையாமல் நின்றால் திணறுவது பெரும்பாலும் சிபியு. 1,599 டாலர் கார்டைச் செருகினாலும் அந்த எண் அங்கேயேதான் நிற்கும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், செலவு எதுவும் இல்லை.