போன சாமி திரும்பி வரும்

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஆச்சி உண்டு, அம்மச்சி உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் அப்பாயி. அதென்ன அப்பாயி என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். அப்பாவைப் பெற்றவள், அவ்வளவுதான். திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிமார் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் தங்களோடு கொண்டுபோன சொல் அது. இரண்டு தடவை கடல் தாண்டி, குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது.

அப்பாயி பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசைவீட்டில். 1948-ல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவள் சின்னப்பிள்ளை. லயம் அப்படியேதான் இருந்தது, காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்குக் கொம்பு ஊதுவதும் நிற்கவில்லை. ஆனால் அதில் குடியிருந்த பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, அப்படி நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களில் யாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசியதாக அப்பாயிக்கு நினைவில்லை. அவளுக்கு இந்தியா விழுந்தது, அவள் தங்கைக்கு இலங்கை.

1973-ல் புறப்பட்டார்கள். அட்டன் ஸ்டேஷனில் ஏறிய ரயிலை மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும் அழுவார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், பிறகு மண்டபம் முகாம். கையில் ஒரு தகரப்பெட்டி, இடுப்பில் என் அப்பா. நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது, 1979-ல்தான் வந்தது. திருநெல்வேலியிலிருந்து லாரியில் குலசேகரம் தாண்டி, சிற்றாறு மலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே கொண்டுவந்து இறக்கினார்கள். அப்படி வந்தவர்களுக்குக் குமரி மலையோரத்தில் வனத்துறை வளர்த்த ரப்பர் தோட்டம் வேலை கொடுத்தது. 1984-ல் அதுவே அரசு ரப்பர் கழகமானது.

கொழுந்து பறித்த விரலுக்குப் பால்வெட்டுக் கத்தி பிடிபட ஒரு வருடம் ஆனதாம். தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் கணக்கு, வெறுங்கை போதும். ரப்பரில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே போவாள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி குறையும். "அங்க மழைன்னா கம்பளிக் கொங்காணியப் போட்டுக்கிட்டுக் கொழுந்து எடுப்போம். இங்க மழைன்னா அடுப்பு அணையும்" என்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அப்பாவோடு பத்மநாபபுரத்துக்கு வந்தாள். நான் அறிந்த அப்பாயி இந்த அப்பாயிதான். தக்கலைக் கடையில் கட்டன்சாயா என்று கேட்க அவளுக்குக் கடைசிவரை நா வரவில்லை. வீட்டில் தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் சீனி வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுடுவாள், தொட்டுக்கொள்ள சம்பல். முதலில் தெருவில் சிலோன்காரி என்றார்கள். பிறகு அந்த ரொட்டிக்காகவே பக்கத்து வீட்டு ஆச்சி சாயங்காலம் வந்து உட்காருவாள்.

அந்த ஆச்சி கோட்டைக்குள்ளேயே பிறந்தவள். திருவிதாங்கூரில் பிறந்து, திருவிதாங்கூர்–கொச்சிக்காரியாகி, 1956 நவம்பர் 1-ல் அன்றைய சென்னை மாநிலத்துக்காரியானாள். வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள அரண்மனை இன்றும் கேரள அரசின் கையில். அப்பாயி கதையைக் கேட்டு இந்த ஊரில் ஆச்சரியப்படாத ஒரே ஆள் அவள்தான். குந்தியிருந்த இடத்திலேயே நாடு மாறும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் ஆச்சியை யாரும் பெட்டி கட்டச் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை ஆச்சியே ஒருநாள் சொன்னாள், "எனக்கு கிணறு எங்கிட்டயே இருந்து" என்று.

நவராத்திரிக்கு முன்னால் தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் திருவனந்தபுரம் புறப்படும் காலையில் அப்பாயி குளித்துவிட்டு முதல் ஆளாய்த் தெருவில் நிற்பாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் போவார்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. சரஸ்வதி மட்டும் வருடந்தோறும் பூஜைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறாள். விஜயதசமி கழிந்து வரும்போதும் அப்பாயி நிற்பாள். "போன சாமி திரும்பி வந்திருச்சு பாரு ராசா" என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள். அவள் அட்டனுக்குத் திரும்பிப் போகவேயில்லை. முதலில் காசில்லை, 1983 கலவரத்துக்குப் பிறகு வழியுமில்லை.

2003-ல் இலங்கை, எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் போட்டது. அப்பா பேப்பரில் வாசித்துக் காட்டினார். "அப்ப இருந்திருந்தா கெடைச்சிருக்கும்" என்றாள். 2009-ல் இறந்தாள்.

அன்று தங்கையின் கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். இன்று அந்தத் தங்கையின் பேத்தியும் நானும் வாட்ஸாப்பில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அவள் இலங்கைப் பிரஜை, நான் இந்தியப் பிரஜை, இருவரும் அப்பாயி என்கிறோம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. அப்பாயி வந்த ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் இன்னும் மறுபடி ஓடவில்லை.

தகரப்பெட்டி என்னிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் காகிதங்கள் அவளைத் தாயகம் திரும்பியவள் என்கின்றன. அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிறந்த மண்ணிலிருந்து பார்த்தேயிராத மண்ணுக்கு வந்து குடியேறியவள் அவள். இங்கே ஒரு தொழிலைக் கற்றாள், ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தினாள்.

சிற்றாறு, கோதையாறு, கீரிப்பாறைப் பக்கம் போகிறவர்கள் தோட்டக் குடியிருப்புகளில் வயதான பெண்களைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று, பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். சொல்வார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.